தோப்பு இருந்த இடத்திலிருந்து ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்: கஜா புயலுக்கு முன்பு வரை பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தோப்புகளில் கூலி பார்த்தவர்கள்.

பெறுநர்: உயர்திரு பேரிடர் நிவாரண உதவி விதிமுறைப் பட்டியல் அவர்கள், மத்திய உள்துறை அமைச்சகம், புதுதில்லி.

பொருள்: பிழைப்பை மீட்டல் – பட்டியலில் அதற்குக் கட்டம் இல்லாமை – தொடர்பாக.

பார்வை: 2018 நவம்பர் 16 அதிகாலை வீசிய காற்று.

ஐயா,

ஒரு பட்டியலை ‘ஐயா’ என்று விளிப்பது முறையா என்று விண்ணப்பதாரர்களுக்குள் சிறு விவாதம் நடந்தது. பதில் எழுதப்போகும் மனிதர் யாரென்று தெரியாதபோது, பதிலைத் தீர்மானிக்கும் தாளுக்கே எழுதிவிடுவது மேல் என்று முடிவாயிற்று. வட்டாட்சியர் மாறுவார், ஆட்சியர் மாறுவார், அமைச்சரும் மாறுவார். தாங்கள் பல ஆண்டுக்கு ஒருமுறைதான் மாறுகிறீர்கள். அதுவும் பெரும்பாலும் எண்களில் மட்டும். நிலைத்து நிற்பவரிடம் மனு கொடுப்பதுதானே புத்தி?

அன்றைய இரவை நினைவூட்டுவது தங்களுக்குச் சலிப்பாக இருக்கலாம். இருந்தாலும் கோப்பு முழுமையாக இருக்க வேண்டுமே. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே நள்ளிரவு தாண்டிக் கரை ஏறிய கஜா, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களைக் கடந்து போனது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. உள்கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அறுபது வயதுத் தென்னையும் ஆறு வயதுத் தென்னையும் ஒரே திசையில் படுத்துக் கிடந்ததை விடிந்ததும் ஊர் பார்த்தது. விழுந்த மரங்கள் எத்தனை என்பதில் அரசுக் கணக்கும் விவசாயிகள் கணக்கும் ஒத்துப்போகவில்லை. ஆனால் இருவருமே லட்சங்களில்தான் பேசினார்கள்.

இனித் தங்கள் பெருமைக்கு வருவோம்.

அப்போது நடப்பிலிருந்த தங்கள் 2015–20 பதிப்பின்படி, பல்லாண்டுப் பயிர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழிந்தால் ஹெக்டேருக்கு 18,000 ரூபாய். அதுவும் இரண்டு ஹெக்டேர் வரைதான். ஒரு ஹெக்டேரில் 175 தென்னை என்பது அரசே எடுத்துக்கொண்ட கணக்கு. வகுத்துப் பார்த்தால் மரத்துக்கு 103 ரூபாய் வருகிறது. நன்றாகப் பராமரித்த நெட்டை மரம் ஆண்டுக்கு நூறு காய்க்குக் குறையாமல் தரும். ஆக, ஓராண்டுக் காய்ப்புக்குக் காய் ஒன்றுக்கு ஒரு ரூபாய் வீதம் தாங்கள் கணக்குத் தீர்த்திருக்கிறீர்கள். அதற்குப் பிறகு அந்த மரம் காய்த்திருக்கக்கூடிய ஆண்டுகளைத் தங்களுடைய கணக்கு மெனக்கெட்டு எண்ணவில்லை. எண்ணியிருந்தால் தலை சுற்றியிருக்கும்.

இந்த 103 ரூபாயைக் கண்டு தமிழக அரசே கொஞ்சம் கூச்சப்பட்டது போலிருக்கிறது. மரத்துக்கு 600 ரூபாய், அதை வெட்டி அகற்ற 500 ரூபாய் என 1,100 ரூபாய் அறிவித்தது. தங்களைப் போலப் பத்து மடங்கு தாராளம், மறுக்க முடியாது. ஆனால் இங்கும் ஒரு சின்னக் கணக்கு உண்டு. நட்ட நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டு பிடிக்கும். தோப்பில் ஏறக்குறைய 45 நாளுக்கு ஒரு வெட்டு என்றால் ஆண்டுக்கு எட்டு, ஏழாண்டில் 56 வெட்டு. 600 ரூபாயை 56 வெட்டுக்குப் பிரித்தால் ஒரு வெட்டுக்குப் பதினொரு ரூபாய்கூடத் தேறாது. மரத்தை அகற்றுவதற்குக் கொடுத்த காசு, மரம் இல்லாமல் ஏழு வருடம் வாழ்வதற்குக் கொடுத்த காசைக் கிட்டத்தட்ட எட்டிப் பிடிக்கிறது. இழவு வீட்டில் பாடைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் ஒரே அளவில் மொய் எழுதியது போல.

ஆனாலும் அந்த 1,100 ரூபாய் வாங்கியவர்கள் பாக்கியவான்கள். ஏனென்றால் அவர்களுக்கு மரம் இருந்தது. மரம் இருந்ததற்குப் பட்டா இருந்தது. பட்டாவில் இருந்த பெயர் செத்துப்போன தாத்தாவின் பெயராக இல்லாமலும் இருந்தது. கிராம நிர்வாக அலுவலர் நோட்டோடு வந்து நின்றபோது காட்டுவதற்கு ஏதோ ஒன்று தரையில் கிடந்தது. விண்ணப்பதாரர்களிடம் காட்டுவதற்கு என்ன இருந்தது? இரண்டு கை. அவை சேதமாகவில்லை.

தில்லியில் தென்னை அதிகம் இல்லை என்பதால் ஒரு தோப்பு எப்படி இயங்குகிறது என்பதைத் தங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. மரத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி ஒருவர் ஏறுவார். குலை விழும். கீழே இரண்டு பேர் பொறுக்கிக் குவிப்பார்கள், பெரும்பாலும் பெண்கள். கடப்பாரையை நட்டுவைத்து மட்டை உரிப்பவருக்கு ஆயிரம் காய்க்கு இவ்வளவு என்று தனிக் கூலி. உரித்த காய் லாரியேறிக் காங்கேயத்து எண்ணெய் ஆலைப் பக்கம் போகும், ஏற்றுகூலி ஒருவருக்கு. உரித்த மட்டை மஞ்சி மில்லுக்குப் போகும்; அங்கே நார் காயவைக்கச் சிலர், கயிறு திரிக்கச் சிலர். விழுந்த கீற்றை ஊறவைத்து முடைந்து விற்கும் கிழவிக்கு அதுதான் மாத்திரை வாங்கும் காசு. விளக்குமாற்றுக் குச்சி சீவுகிறவர் வேறு. தோப்போரத்தில் டீக்கடை வைத்திருந்தவரைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று விண்ணப்பதாரர்களுக்கே குழப்பம். ஒரு மரம் விழுந்தால் இத்தனை பேரின் வேலையும் விழுகிறது. ஆனால் சர்வே எண் இருப்பது தோப்புக்காரர் ஒருவருக்குத்தான்.

2018 நவம்பர் 20ஆம் தேதி அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி ஹெலிகாப்டரில் புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பகுதிகளைப் பார்வையிட்டார். மழை வந்ததால் மற்ற மாவட்டங்களுக்குப் போக முடியவில்லை. அதைக் குறை சொல்ல இங்கே இடமில்லை. ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தால் விழுந்த மரம் நன்றாகத் தெரியும். மரம் ஏறுகிறவர் தெரியமாட்டார். அவர் வழக்கமாக மரத்தின் மேல்தான் இருப்பார், அன்றைக்கு அதுவும் இல்லை. பிறகு மத்தியக் குழு வந்தது, சாலைவழியாக, நின்று நிதானித்துப் பார்த்தது. மாநிலம் கேட்டது ஏறத்தாழ 15,000 கோடி ரூபாய். தேசியப் பேரிடர் நிதியிலிருந்து ஒப்புதலானது 1,146.12 கோடி. கேட்டவர் மிகைப்படுத்தினாரா, கொடுத்தவர் குறைத்தாரா என்று அரசியல்வாதிகள் இன்றும் பேசட்டும். அந்தப் பதினைந்தாயிரத்திலும் சரி, ஆயிரத்துச் சொச்சத்திலும் சரி, ‘அடுத்த ஏழாண்டுக்கு யாருக்கு என்ன வேலை’ என்றொரு தலைப்பு இருந்திருந்தால் விண்ணப்பதாரர்கள் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கவே மாட்டார்கள்.

தங்களிடம் கூலிக்காரருக்கு ஒன்றுமே இல்லை என்று சொன்னால் பொய்யாகும். இருக்கிறது. கஜா வந்தபோதிருந்த பதிப்பில், பிழைப்பு கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு, பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 60 ரூபாய், குழந்தைக்கு 45 ரூபாய் என்றிருந்தது. அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: அவர்கள் நிவாரண முகாமில் தங்கியிருக்கக் கூடாது. முகாமில் சோறு தின்றவனுக்குப் பிழைப்புப் போகவில்லை என்பது தங்கள் தத்துவம். அதே பதிப்பின் இன்னொரு பக்கத்தில், புயலில் செத்த கோழி ஒன்றுக்கு 50 ரூபாய் என்று போட்டிருக்கிறீர்கள். குழந்தையின் ஒரு நாளைக்கும் கோழிக்கும் நடுவே ஐந்து ரூபாய் வித்தியாசம், கோழிதான் மேலே. கோழிக்குக் குறைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அந்த ஆண்டு நூறுநாள் வேலையில் தமிழ்நாட்டுக்கு மத்திய அரசே நிர்ணயித்த நாள்கூலி 224 ரூபாய். ஒரே அரசு, ஒரே மனிதர். மண் வெட்டினால் 224, புயலில் பிழைப்பை இழந்தால் 60. பேரிடர் அறிவிக்கப்பட்ட பகுதிகளில் அந்த நூறு நாளோடு கூடுதலாக 50 நாள் வேலை தரலாம் என்று வேலை உறுதிச் சட்டத்திலேயே இடம் இருந்தது. ஆக மொத்தம் 150 நாள். தென்னை காய்க்க ஏறத்தாழ 2,500 நாள். நடுவில் உள்ள நாட்களில் பலர் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் பஸ் ஏறினார்கள். போக முடியாத பெண்களின் வீட்டு வாசலில் குழுக் கடன் வசூலிப்பவர்கள் வாரம் தவறாமல் வந்து நின்றார்கள். அவர்கள் புயலைக் காரணம் காட்டி லீவு போடவில்லை.

வேதாரண்யத்து உப்பளத் தொழிலாளி பற்றியும் ஒரு சொல். கடல் சேற்றைக் கொண்டுவந்து பாத்திகளில் கொட்டிவிட்டுப் போனது. நெல்லுக்குத் தங்களிடம் கட்டம் இருக்கிறது, தென்னைக்கு இருக்கிறது, பட்டுப்புழு வளர்ப்புக்குக்கூட இருக்கிறது. உப்பு விளைகிறது, அறுவடையாகிறது, விளைவிப்பவர் வெயிலில் நிற்கிறார்; ஆனாலும் அது தங்கள் பார்வையில் பயிர் ஆகாது, தொழில். ஆகவே ஹெக்டேர்க் கணக்கு அதற்குப் பொருந்தாது. மீனவருக்கு முழுதும் அழிந்த படகுக்கு 9,600 ரூபாயும் வலைக்கு 2,600 ரூபாயும் வைத்திருந்தீர்கள். மல்லிப்பட்டினத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கிடந்த விசைப்படகுகளைப் பார்த்தவர்கள் இந்த எண்ணைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள், சிரிக்கிற நிலையில் இருந்திருந்தால். மாநில அரசு தன் பங்குக்குக் கூட்டித்தான் கொடுத்தது. அதுவும் படகு வைத்திருந்தவருக்கு. அந்தப் படகில் பங்குக்குப் போனவர், கரையில் கூடையோடு காத்திருந்த பெண், ஐஸ் உடைத்தவர்: இவர்கள் யாருக்கும் படகு உடையவில்லையாம்.

இது கஜாவில் தொடங்கிய கோளாறில்லை என்பதற்குச் சாட்சி தொலைவில் இல்லை. 2004 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உலகமே உதவிக்கு வந்தது. வந்தவர்களுக்கெல்லாம் படகு கொடுக்க ஆசை. படகுதான் புகைப்படத்தில் நன்றாக விழும். கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்தது. சில இடங்களில் முன்பிருந்ததைவிடப் படகு பெருகியது. இலங்கைக் கரையிலும் இதே கதைதான். மீன் மட்டும் பெருக மறுத்துவிட்டது. மீன் விற்கும் பெண்களும், உள்ளே தள்ளி இருந்த தலித் விவசாயக் கூலிகளும், உப்பளத்தவர்களும் பட்டியலுக்கு வெளியே நின்றதை எத்தனையோ ஆய்வறிக்கைகள் எழுதிவைத்தன. தங்கள் அலுவலகத்தில் அந்த அறிக்கைகளை வைக்க அலமாரி இல்லையென்றால் விண்ணப்பதாரர்கள் நல்ல தென்னம்பலகையில் ஒன்று செய்து அனுப்பத் தயார். மரம் நிறையக் கிடக்கிறது.

மரம் என்றதும் பிலிப்பைன்ஸ் நினைவுக்கு வருகிறது. 2013 நவம்பர் 8ஆம் தேதி ஹையான் புயல் அங்கே சுமார் 3.3 கோடித் தென்னைகளை வீழ்த்தியது அல்லது சேதப்படுத்தியது. நம்முடையதைப் போலவே அங்கும் தென்னையை நம்பிய சிறு விவசாயிகள், அவர்களை நம்பிய கூலிகள். விழுந்த மரத்தை அப்படியே விட்டால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டுப் பெருகி, தப்பிய மரத்தையும் தின்றுவிடும். எனவே உதவிக்குப் போனவர்கள் அறுப்பு இயந்திரங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அறுத்த பலகை வீடு கட்டப் போனது. அந்நாட்டுத் தொழிலாளர் துறையும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து, இடிபாடு அகற்றும் வேலையைப் பாதிக்கப்பட்டவர்களுக்கே கொடுத்து, குறைந்தபட்சக் கூலியும் காப்பீடும் பாதுகாப்புக் கவசமும் சேர்த்துக் கொடுத்தன. டாக்லோபான் நகரில் ஸு சி என்ற தைவான் பௌத்தத் தொண்டு நிறுவனம், தம் தெருவைத் தாமே கூட்டிச் சுத்தப்படுத்த வந்தவர்களுக்கு நாளைக்கு 500 பேசோ கொடுத்தது. அந்தப் பகுதியின் குறைந்தபட்சக் கூலியைவிட அது அதிகம். கடைகள் திறந்தன, வாங்கக் கையில் காசு இருந்ததால். தென்னங்கன்று வளரும்வரை இடையில் காய்கறி போட விதையும் பயிற்சியும் போயின. எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. வெட்டப்படாமல் அழுகிய மரங்கள் அங்கும் ஏராளம். ஆனால் ‘மரம் போனது, சரி, இந்த ஆளுக்கு நாளை என்ன வேலை?’ என்ற கேள்வியை அங்கே யாரோ சத்தமாகக் கேட்டிருக்கிறார்கள்.

இங்கே மரத்தை அகற்ற ஒதுக்கிய 500 ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். லட்சக்கணக்கான மரம், மரத்துக்கு 500. கோடிகளில் போகும் கூலிப்பணம் அது. அதை ஊராட்சி வாரியாக, மரமேறிகளும் உரிப்பவர்களும் கொண்ட குழுக்களிடம் வேலையாக ஒப்படைத்து, அறுப்பு இயந்திரத்தை அரசே வாடகைக்குக் கொடுத்திருந்தால் ஒரு கோடைவரை அடுப்பு எரிந்திருக்கும். நடந்தது வேறு. பணம் இழப்பீட்டோடு சேர்ந்து பட்டாதாரர் கணக்கில் விழுந்தது. மரத்தை எப்படி அகற்றுவது என்பது அவர் பாடு.

தொலைதூரத்து உதாரணம் பிடிக்கவில்லை என்றால் பக்கத்தில் கேரளம் இருக்கிறது. அதே 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்துச் சேந்தமங்கலம் கைத்தறிக் கூட்டுறவுகளில் ஓணத்துக்காக நெய்து அடுக்கிவைத்திருந்த சேலைகள் சேற்றில் ஊறின. தங்கள் கணக்கில் நெசவாளரின் சேதமான கருவிக்கு 4,100 ரூபாய், சேதமான சரக்குக்கு 4,100. லட்சுமி மேனனும் கோபிநாத் பாராயிலும் வேறு கணக்குப் போட்டார்கள். கறைபட்ட சேலையைக் கிருமி நீக்கி வெட்டிச் ‘சேக்குட்டி’ என்ற குட்டிப் பொம்மைகளாக்கினார்கள். சுமார் 1,300 ரூபாய்க்கு விற்றிருக்க வேண்டிய ஒரு சேலையில் 360 பொம்மை; ஒன்று 25 ரூபாய்; ஆக 9,000 ரூபாய். தன்னார்வலர்கள் பொம்மை செய்தார்கள், பணம் நெசவாளருக்குப் போனது. குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் வழியாக ஒரு லட்சம் ரூபாய் வரை வட்டியில்லாக் கடனும் அங்கே கொடுக்கப்பட்டது. பொம்மை செய்தால் எல்லாத் துயரும் தீரும் என்று விண்ணப்பதாரர்கள் நம்பவில்லை. அழுகிப்போன சரக்கைப் பார்த்ததும் ‘இதை எழுதித் தள்ளு’ என்று மட்டும் தோன்றாத மூளைகள் உண்டு என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவதோடு சரி.

தாங்கள் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி ஒன்று உண்டு. பட்டா இல்லாதவரை எப்படி அடையாளம் காண்பது? யார் கூலி, யார் கூலி வேடம் போட்டவர் என்று எப்படித் தெரியும்? ஐயா, இதற்குப் புதிய விஞ்ஞானம் எதுவும் வேண்டாம். மீன்பிடித் தடைக்காலத்தில் தமிழக அரசு மீனவக் குடும்பத்துக்கு நிவாரணம் கொடுக்கிறது. அன்று 5,000 ரூபாயாக இருந்தது பிற்பாடு 8,000 ஆனது. படகு சொந்தமா என்று கேட்பதில்லை. மழைக்காலத்தில் வேலையில்லாத உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் என்று 2021இல் அறிவித்தது. பாத்தி சொந்தமா என்று அங்கும் கேட்கவில்லை. ஆண்டுதோறும் வருகிற இழப்புக்கு ஆளை அடையாளம் காண முடிகிறது. திடீரென்று வருகிற இழப்புக்கு மட்டும் ஆள் மறைந்துபோகிறார், மரம்தான் தெரிகிறது.

கன்று விஷயத்திலும் இதே பார்வைதான். பட்டுக்கோட்டை அருகே வேப்பங்குளத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே உருவான ரகங்கள் ஊரறிந்தவை. ஆனால் விதைக்காயை நாற்றங்காலில் போட்டால் நடத்தகுந்த கன்றாக ஒன்பது மாதம், ஓராண்டு ஆகும். ஒரே நாளில் லட்சக்கணக்கில் தேவைப்பட்டால் எந்த நிலையமும் திணறும். இங்கேதான் வேலை ஒளிந்திருந்தது. ஊருக்கு ஊர் மகளிர் குழுக்களிடம் நாற்றங்காலைக் கொடுத்து, கன்றை அரசே விலைக்கு வாங்கியிருக்கலாம். கீற்று முடைந்த கைகளுக்குப் பை நிரப்பத் தெரியாதா? கஜா நிவாரணத்துக்கு மாநில அரசு பெட்டகம் கட்டியபோது 27 வகைப் பொருளை ஞாபகமாக உள்ளே வைத்தார்கள். வேலை என்பது இருபத்தெட்டாவதாக உட்காரக் கொஞ்சம் இடம் போதாமல் போயிற்று.

தங்கள் அடுத்த பதிப்பு 2022 அக்டோபரில் வந்தது. பல்லாண்டுப் பயிருக்கு 18,000 ரூபாய் 22,500 ஆகியிருந்தது. 175ஆல் வகுத்தால் மரத்துக்கு 129 ரூபாய். நான்கு ஆண்டில் மரத்தின் மதிப்பு 26 ரூபாய் ஏறியிருக்கிறது, வாழ்த்துகள். அந்தப் பதிப்பின் காலம் 2022–23 முதல் 2025–26 வரை என்று தாங்களே குறித்திருக்கிறீர்கள். அடுத்து எழுதும்போது கீழ்க்கண்டவற்றைப் பரிசீலிக்குமாறு விண்ணப்பதாரர்கள் கேட்டுக்கொள்கிறார்கள்.

பயிர், படகு, கால்நடை, வீடு என்ற வரிசையில் ‘கூலி’ என்றும் ஒரு கட்டம் போடுங்கள். அதன் கால அளவைப் புயல் எத்தனை நாள் அடித்தது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். அழிந்தது மீண்டும் பலன் தர எவ்வளவு காலம் ஆகுமோ அதை வைத்து முடிவு செய்யுங்கள். நெல்லுக்கு ஒரு போகம், தென்னைக்கு ஏழாண்டு, உப்புப் பாத்திக்குச் சேறு அள்ளி முடிக்கும்வரை. அகற்றும் வேலை, கட்டும் வேலை, கன்று வளர்க்கும் வேலை எல்லாம் முதலில் அந்த ஊர்க் கூலிகளுக்கு, அந்த மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல் என்று எழுதுங்கள். குத்தகைக்காரரின் பெயரும் அடங்கலில் இல்லாத ஆளின் பெயரும் ஊர்ச்சபையில் வாசிக்கப்பட்டால் போதும் என்று சொல்லுங்கள். ஊருக்குத் தெரியும், யார் எந்தத் தோப்பில் ஏறினார் என்று. முகாமில் சாப்பிட்டவருக்கும் பிழைப்பு போயிருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சேதமடையாத இரண்டு கைகளை உடைய விண்ணப்பதாரர்கள்.

நகல்: கிராம நிர்வாக அலுவலர் அவர்களுக்கு, அடுத்த புயலுக்குப் பின் மரம் எண்ண வரும்போது, அந்த மரத்தில் ஏறியவர் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளும்படி.